கைம்மருந்தும் செடிப்பெயரும்: தம்மம்பட்டி வட்டாரத்தை முன்னிட்ட ஓர் ஆய்வு

தமிழ் மருத்துவ வரலாறு என்னும் பெயரால் இதுகாறும் வெளிவந்த நூல்களும் கட்டுரைகளும் பெரும்பாலும் சித்தர் நூல்களின் வரலாறாகவே அமைந்துள்ளன. எச்சித்தர் எக்காலத்தவர், எந்நூல் எவர் பெயரில் வழங்குவது, பற்பமும் செந்தூரமும் எப்போது வழக்கில் வந்தன என்பனவே அவற்றின் ஆராய்ச்சிப் பொருள்கள். இவை ஆராயத்தக்கனவே. எனினும், ஓர் ஊரில் ஓராண்டில் உட்கொள்ளப்பெறும் மருந்தையெல்லாம் ஒருவர் நிறுத்துப் பார்ப்பாராயின், வைத்தியர் தந்த செந்தூரத்தினும் இல்லத்துப் பெண்டிர் இடித்த சுக்கும் அரைத்த தூதுவளையும் பன்மடங்கு மிக்கிருக்கக் காண்பார். இம்மருந்துக்கு ஆசிரியர் இல்லை, ஏடு இல்லை, பாயிரம் இல்லை. ஊரார் இதனைக் கைம்மருந்து என்பர். ஏடில்லாத இதற்கு வரலாறு எழுதுதல் இயலுமா என்பதே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட வினா. இயலும் என்பதும், அதற்குரிய சான்றுகள் மருத்துவ நூல்களிலன்றி வீட்டுச் சடங்குகளிலும், இலக்கியத்தின் ஓரங்களிலும், எல்லாவற்றினும் மேலாகச் செடிகளின் பெயர்களிலும் கிடக்கின்றன என்பதும் எம் கருத்து.

இவ்வாய்வுக்குத் தம்மம்பட்டி வட்டாரத்தை நிலைக்களமாகக் கொள்கின்றோம். சேலம் மாவட்டம் கெங்கவல்லி வட்டத்தில் உள்ள இவ்வூர் மரச்சிற்பத் தொழிலால் பலரும் அறிந்தது. அத்தொழிலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது. எமக்கு வேண்டுவது அதன் இருப்பிடமே. தென்மேற்கே கொல்லிமலையும் தென்கிழக்கே பச்சைமலையும் நிற்க, கொல்லிமலையில் தோன்றும் சுவேத நதி அருகே ஓட, மலைக்கும் சமவெளிக்கும் இடைப்பட்ட வாயிலாக அவ்வூர் அமைந்திருக்கின்றது. கடுக்காயும் தேனும் கிழங்கும் மலையிலிருந்து இறங்குவன. மலைவாழ் மலையாளி மக்கள் உப்புக்கும் துணிக்கும் சமவெளிச் சந்தைகளை நாடி வந்தவர்கள். கொல்லிமலை 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தைச் சார்ந்ததாயினும் செடிகளுக்கு மாவட்ட எல்லை இல்லை. ஆகலின் சேலம், நாமக்கல் ஆகிய இரு மாவட்டச் சமவெளிகளையும் இம்மலைகளையும் ஒரே நிலப்பகுதியாகக் கொள்ளுதல் பொருந்தும்.

இப்பகுதியில் மார்கழி இறுதிநாளில் நிகழும் காப்புக்கட்டு என்னும் வழக்கத்தை முதற்கண் நோக்குவோம். அன்று ஆவாரம்பூங்கொத்து, வேப்பிலை, சிறுபீளை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் கட்டி வீட்டின் இறவாணத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் கிணற்றடியிலும் விளைநிலத்திலும் செருகுவர். சிற்சில ஊர்களில் தும்பையும் மாவிலையும் பிரண்டையும் உடன்சேரும். இப்பொழுது இக்கட்டுகள் பொங்கலுக்கு முன்னாள் சந்தைகளில் விலைக்கும் வருகின்றன. மூன்றும் வீட்டு மருந்தில் நாள்தோறும் பயில்வன என்பது நோக்கத்தக்கது. ஆவாரம்பூ நீரிழிவுக்கும் உடற்சூட்டுக்கும் குடிநீராகும். சிறுபீளை கல்லடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் கொடுக்கப்பெறும். வேம்பைப் பற்றிக் கூறவே வேண்டா. ஆண்டுக்கு ஒருமுறை மூன்று செடிகளையும் தேடிப் பறித்துக் கையால் கட்டும் இவ்வழக்கம், எழுதப்படிக்க அறியாத ஒரு சிறுமிக்கும் அச்செடிகளை ஐயமற அடையாளம் காட்டிவிடுகின்றது. சடங்கின் நோக்கம் அதுவென்று கூறோம்; அதன் பயன் அதுவாயிற்று என்க.

இதன் பழமை யாது? புறநானூற்றின் 281, 296ஆம் பாடல்களை ஈண்டு ஒப்புநோக்குதல் வேண்டும். போரில் விழுப்புண் பட்ட வீரன் வீட்டில் கிடக்கின்றான். மனையில் வேப்பந்தழை செருகப்பெறுகின்றது. ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகு புகைக்கவும் சிந்தவும் பெறுகின்றது. காஞ்சிப் பண் பாடப்பெறுகின்றது. புண்பட்டவனைப் பேய் அணுகாவண்ணம் காக்கும் செயல் இது. தொல்காப்பியம் இதனைத் தொடாக்காஞ்சி என்று துறைப்படுத்திக் கூறும். வேப்பம்புகையும் கடுகுப்புகையும் நுண்ணுயிர்களைக் கொல்லும் என்பதைப் பண்டைத் தமிழர் அறிந்திருந்தனர் என்று இப்பாடல்களைக் கொண்டு நிறுவ முயல்வோர் உளர். பாடல்கள் பேயைக் கூறுகின்றனவேயன்றி நுண்ணுயிரைக் கூறவில்லை. இல்லாததை ஏற்றிக் கூறுதல் ஆராய்ச்சி ஆகாது. இப்பாடல்களிலிருந்து உறுதியாகப் பெறப்படுவது வேறொன்று. புண்ணுற்றவனைச் சூழ்ந்து இவற்றைச் செய்வோர் மனையோரே. மருத்துவன் ஒருவன் அங்கு வந்ததாக அவை கூறவில்லை. காக்கும் செடியை அறிந்தவரும் பறித்தவரும் செருகியவரும் வீட்டாரே. காப்பு என்னும் சொல்லும், வேம்பும், மனையிற் செருகும் செயலும் இன்றைய சேலம் நாமக்கல் வழக்கிலும் ஒருங்கே காணப்படுதல் தற்செயலன்று என்பது எம் துணிபு.

பூளையும் ஆவிரையும் வேறொரு வகையாகவும் சங்க நூல்களில் வருகின்றன. கலித்தொகையில் மடலேறுவோன் அவற்றை எருக்கொடு சேர்த்துச் சூடித் தெருவில் வருவான். சான்றோர் சூடாத புன்பூக்கள் அவை. பெரும்பாணாற்றுப்படையோ வரகுச் சோற்றுக்குப் பூளைப்பூவை உவமை கூறும். நாணிழந்தவன் தலையில் ஏறிய பூவே சோற்றுக்கு உவமையாயும் மனைக்குக் காப்பாயும் நிற்றல் வியப்பே. ஒரு செடியின் மதிப்பு நூலில் ஒன்றாகவும் வீட்டில் ஒன்றாகவும் இருந்தமைக்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுவதில்லை.

சங்கப் புலவருள் மருத்துவன் தாமோதரனார் என்பார் ஒருவர் உளர். புறநானூற்றில் 60, 170, 321 என்னும் மூன்று பாடல்கள் அவருடையன. மருத்துவர் பாட்டில் மருந்து இருக்கும் என்று தேடிச் செல்வோர் ஏமாற்றமே அடைவர். 170ஆம் பாடலில் நெல்லி வருகின்றது, ஆயின் அது மரை தின்ற வேலியாக வருகின்றது! நெல்லியை வாழ்நாள் நீட்டும் கனியாகக் காண வேண்டின், தகடூர் அதியமானைப் பாடிய ஒளவையாரின் 91ஆம் பாடலுக்குச் செல்லுதல் வேண்டும். மருந்தறிவு மருத்துவர் பெயருடையாரிடம் மட்டுமே இருந்தது என்று கொள்ளுதல் பொருந்தாமைக்கு இதுவும் ஒரு குறிப்பு.

இனி, கீழ்க்கணக்கு நூல்களுக்கு வருவோம். திருக்குறளின் மருந்து அதிகாரத்துப் பத்துக் குறளுள் ஒன்றிலேனும் ஒரு செடியின் பெயர் இல்லை. வளி முதலாய மூன்றும் மிகினும் குறையினும் நோயாம் என்று தொடங்கிப் பெரும்பகுதியும் உணவின் அளவையே வள்ளுவர் பேசுகின்றார். இறுதியில் நோய் முதல் நாடுதலும், உற்றவன் முதலிய நால்வகை உறுப்பும் வருகின்றன. ஆனால் அத்தொகுதியைச் சேர்ந்த பிற நூல்கள் மூன்று தம் பெயர்களையே மருந்திலிருந்து பெற்றன. நல்லாதனாரின் திரிகடுகம் சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் மூன்றால் பெயர்பெற்றது. காரியாசானின் சிறுபஞ்சமூலம் கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தன் வேர்களாற் பெயர்பெற்றது. கணிமேதாவியாரின் ஏலாதி ஏலம் முதலிய ஆறு சரக்குகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏறிச் செல்லும் அளவில் கூட்டிய சூரணத்தின் பெயர். இந்நூல்களின் உள்ளே மருத்துவம் இல்லை, அறமே உள்ளது என்பதை மாணாக்கர் அனைவரும் அறிவர். அறத்தை விளக்க மருந்தை உவமையாக்கினர் என்று கூறி உரையாசிரியர்கள் அமைந்துவிட்டனர். அதற்கு மேலும் ஓரடி செல்லலாம். தெரிந்த பொருளைக் கொண்டே தெரியாததை விளக்குவது உவமையின் இயல்பு. ஆகவே இம்மருந்துக் கூட்டுகளின் பெயரைக் கேட்ட அளவிலேயே அவற்றின் பயன் கேட்போர் உள்ளத்தில் எழுந்திருத்தல் வேண்டும். வைத்தியர் மட்டும் அறிந்த கூட்டொன்றை நூற்பெயராக இட்டால் யார்க்கு அது விளங்கும்? அக்காலத்து நூல் கேட்கும் மக்களிடையே சுக்கும் மிளகும் திப்பிலியும் சேர்ந்த கூட்டு அடுக்களைப் பொருளாகவே இருந்தது என்று துணியலாம். இன்றும் சளி பிடித்தால் அஞ்சறைப்பெட்டியைத் திறப்பவர்க்குத் திரிகடுகம் என்னும் பெயர் தெரியாதிருக்கலாம்; பொருள் தெரியும்.

இவ்விடத்தில் நடுநிலை பிறழாமல் ஒன்று கூறுதல் கடன். திரிகடுகமும் சிறுபஞ்சமூலமும் வடமொழி மருத்துவ நூல்களிலும் அதே கூட்டாகவே காணப்படுகின்றன. இவற்றைத் தமிழர்க்கே உரிய தனிக்கண்டுபிடிப்பு என்பதும், வடவரிடம் பெற்ற கடன் என்பதும் ஒருசார்க் கூற்றுகளே. இரு மொழியாரும் ஒருவரோடொருவர் கொண்டு கொடுத்த பொருள் என்பதே சான்றுகளுக்கு இயைந்தது. ஆனால் அக்கொண்டு கொடுத்தலில் பெயர்கள் பட்ட பாடு ஆராய்ச்சிக்குரியது. சிறுபஞ்சமூலத்தில் சிறுமல்லி, பெருமல்லி நிற்கும் இடங்களில் வடமொழிப் பட்டியல் சாலபர்ணி, பிருச்நிபர்ணி என்னும் இரண்டைக் கூறும். அவை அவரை இனத்தைச் சார்ந்த செடிகள். மல்லி என்று படிக்கும் இன்றைய மாணவன் மல்லிகையையோ கொத்துமல்லியையோ எண்ணுவானேயன்றி அவரையினச் செடியை ஒருகாலும் எண்ணான். நூற்பெயரை மனப்பாடம் செய்து தேர்வெழுதும் நம் மாணாக்கருள் எத்துணைப் பேர் அவ்வேர்களைக் கண்ணால் கண்டிருப்பர்? சொல் நிலைத்தது, செடி கைநழுவியது. இந்நழுவலே இக்கட்டுரையின் கவலை.

நிறுவனமாக அமைந்த மருத்துவத்தோடு கைம்மருந்துக்கு இருந்த தொடர்பைக் காட்டும் கல்வெட்டு ஒன்று உண்டு. காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் (1063–1070) காலத்தில் பொறிக்கப்பெற்றது அது. பதினைந்து படுக்கை கொண்ட ஆதுலர்சாலை ஒன்றை அது விரிவாகக் கூறுகின்றது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்வார் ஒருவர், நோயாளரைப் பேணும் பெண்டிர் இருவர், மருந்துச் செடிகளையும் விறகையும் கொணர்வார் இருவர் என ஒவ்வொருவர்க்கும் கூலி வரையறுக்கப்பெற்றுள்ளது. அங்கு இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. தசமூல அரீதகி, பில்வாதி கிருதம், கல்யாண லவணம் என்றாங்குப் பட்டியல் முழுவதும் வடமொழிப் பெயர்களே. அரீதகி என்பது நம் கடுக்காய். பில்வம் என்பது வில்வம். கூலி பெற்றுக் காட்டுக்குச் சென்ற அவ்விருவரும் மருத்துவரிடம் எந்தச் சொல்லைக் கேட்டு எந்தச் செடியைப் பறித்து வந்திருப்பர்? சாலையின் ஏட்டில் ஒரு பெயரும் பறிப்பவன் வாயில் ஒரு பெயருமாக அன்றே இருவழக்கு நிலவியிருத்தல் வேண்டும். கல்லில் ஏறியது முன்னது. பின்னது ஏறாதொழியினும் அதுவே பறித்தவரை வழிநடத்தியது.

அப்பின்னதாகிய பெயர்களை இனிச் சற்று விரிவாக ஆராய்வோம். மலையடிவாரச் செடிகளின் பெயர்களை ஒருங்கு வைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். அவை வெறும் குறியீடுகள் அல்ல. ஒவ்வொன்றும் ஒரு சிறு வாக்கியம். முடக்கற்றான் என்பது முடக்கை அறுத்தது என்று நோயையும் பயனையும் ஒருங்கே கூறுகின்றது. பேச்சு வழக்கில் முடக்கத்தான் என்று திரிந்து, தோசை மாவில் அரைக்கப்பெறும் அளவுக்கு உணவோடு ஒன்றிவிட்டது. வாதமடக்கி என்னும் பெயரும் அவ்வாறே. சிறுகுறிஞ்சானுக்குச் சர்க்கரைக்கொல்லி என்று மற்றொரு பெயர். அதன் இலையை மென்றபின் சர்க்கரை இனியாது என்பதை மென்று பார்த்தவர் எவரும் அறிவர். குப்பைமேனி தான் வளரும் இடத்தைக் கூறுகின்றது. கீழாநெல்லியோ ஒரு தாவரநூலாசிரியன் எழுதக்கூடிய இலக்கணத்தையே பெயரில் அடக்கியுள்ளது. இலை நெல்லியை ஒக்கும், காய் இலைக்காம்பின் கீழே வரிசையாய்த் தொங்கும் என்பன இரண்டும் அவ்வொரு சொல்லில் உள்ளன.

ஆடு மேய்ப்போர் இட்ட பெயர்கள் தனித்து எண்ணத்தக்கன. ஆடாதொடை என்பது ஆடு தொடா இலை என்பதன் மரூஉ. எதனையும் மேயும் ஆடு எதனை மேயாது என்பதை அறிந்தவர் ஆயரேயன்றி ஏட்டு வைத்தியர் அல்லர். இப்பெயர் கடல் கடந்து சென்ற வரலாறும் சுவையுடையது. சுவீடன் நாட்டு இலின்னேயசு 1753இல் உலகச் செடிகளுக்கெல்லாம் இருசொற்பெயர் இட்டபோது இச்செடிக்கு இட்ட பெயரின் இரண்டாம் சொல் ‘அதாதொடா’ என்பது. அது தமிழ்ப்பெயரின் வடிவமே என்பது பெரும்பான்மையோர் கருத்து. பெயரறியா ஆயன் ஒருவனின் சொல் உலகத் தாவரநூலில் இன்றளவும் நிற்கின்றது. அவ்விலையின் காரச்சத்தாகிய வாசிசினை அடியாகக் கொண்டே சளியை இளக்கும் புரோம்எக்சின் என்னும் இக்கால மருந்தும் உருவாக்கப்பெற்றது.

கொல்லிமலைக்குச் சென்றார் அனைவரும் காணும் முடவாட்டுக்கால் கிழங்கையும் விடுதல் இயலாது. பாறையிலும் மரத்திலும் பற்றிப் படரும் பன்னவகை ஒன்றன் கிழங்கு அது. பழுப்பு மயிர் போர்த்து ஆட்டின் காலைப் போலவே இருக்கும். தோலைச் சீவி, மிளகும் சீரகமும் இட்டுக் கொதிக்கவைத்து, மூட்டுவலிக்கு ‘சூப்பு’ என்று மலைப்பாதையில் விற்கின்றனர். ஆட்டுக்காலைப் போன்றது காலின் முடத்தைப் போக்கும் என்னும் எண்ணம் பெயரிலேயே பொதிந்து கிடக்கின்றது. உருவம் ஒத்தது உறுப்பைக் காக்கும் என்னும் இக்கொள்கை ஐரோப்பியரிடமும் சீனரிடமும் இருந்ததே. பெயர் பயனைக் கூறுவதாலேயே பயன் உண்மையாகிவிடாது என்பதற்கும் இதனையே எடுத்துக்காட்டலாம்.

தூய தமிழ்ப்பெயர் உடைமையால் செடி பழந்தமிழ்நாட்டது என்று முடிவு கட்டுவாரும் நம்மிடையே உளர். இது பெரும் பிழை. தொட்டாற்சுருங்கி என்பதனினும் தமிழான பெயர் யாது? அச்செடியோ அமெரிக்கக் கண்டத்தினின்று வந்தது. வயல் வரப்பெங்கும் மஞ்சட்பூவோடு நிற்கும் வெட்டுக்காயப்பூண்டும் அவ்வாறே அமெரிக்க நாட்டது. அரிவாள் பட்ட கைக்கு அதன் இலையைக் கசக்கிப் பிழியாத உழவர் இப்பகுதியில் அரியர். வந்து சில நூற்றாண்டுகளே ஆன ஒரு களையை எந்நூலும் கற்பிக்காமல் நம் உழவர் ஆராய்ந்து, பயனறிந்து, பெயரிட்டு, மருந்தாக்கிக்கொண்டனர். எம் நோக்கில் இது பழமையினும் பெருமை வாய்ந்தது. கைம்மருந்து முன்னோர் விட்டுச்சென்ற பெட்டகம் அன்று. நேற்றுவரை புதுப்பொருள் சேர்த்துக்கொண்டே வந்த வாழும் அறிவு.

பெயர்கள் காலத்தையும் காட்டும். சித்தர் பெயரால் வழங்கும் நூல்கள் சிலவற்றில் பறங்கிப்பட்டை பயில வருகின்றது. சீனத்திலிருந்து கடல்வழி வந்த வேர் அது. கோவாவில் 1563இல் அச்சான கார்சியா தா ஓர்த்தாவின் நூல் அதனைப் பற்றி விரிவாகப் பேசுகின்றது. பறங்கியர் 1498இல் வந்திறங்கிய பின்னரே அப்பெயர் தமிழில் தோன்றியிருத்தல் கூடும். ஆகவே அப்பெயரை ஆளும் நூலோ, குறைந்த அளவு அந்நூலின் அப்பகுதியோ, பதினாறாம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாகாது. இது சித்தர்க்கு இழுக்கன்று. புதிய நோய்க்குப் புதிய மருந்து தேடியவர் அவர் என்பதையே இது காட்டும்.

அச்சுக்காலத்தைச் சுருங்கக் கூறி மேற்செல்வோம். சென்னைப் படையில் மருத்துவராய் இருந்த வில்லியம் ஐன்சிலி 1813இல் சென்னையில் அச்சிட்ட நூலும், அதனை விரித்து 1826இல் இலண்டனில் இரு தொகுதிகளாக வெளியிட்ட நூலும் கடைவீதியில் வழங்கிய தமிழ்ப்பெயர்களைக் குறித்துவைத்தன. இராமலிங்க அடிகள் தம் அன்பர்க்குக் கூறிய நாளொழுக்கத்தில் கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை, சீரகம் ஆகியவற்றைச் சேர்த்தார். மூலிகைகளின் குணங்களை அட்டவணைப்படுத்தியும் எழுதினார். சென்னை அரசு 1921இல் அமைத்த உசுமான் குழு 1923இல் தன் அறிக்கையை அளித்தது. நாட்டு மருத்துவர் பலரின் விடைகளைத் திரட்டிய பெருந்தொகுப்பு அது. எனினும் வைத்தியத்தைத் தொழிலாகக் கொண்டோரை நோக்கியது ஆதலின் அடுக்களை அறிவுக்கு அதில் இடம் சுருங்கிற்று. காவல்துறையில் பணியாற்றிய டி. வி. சாம்பசிவம் பிள்ளை தனியொருவராய் முயன்று 1930களில் வெளியிடத் தொடங்கிய மருத்துவ அகராதி நம் மொழிக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். தாவரநூல் வழியில், திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரச் சேமகத்தை நிறுவிய கே. எம். மாத்யூ 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட தமிழகக் கருநாடகப் பகுதித் தாவரத் தொகுதிகள் இம்மலைகளின் செடிகளையும் உட்கொண்டன. மேட்டூரில் நடுவணரசின் சித்த மருந்துச் செடித் தோட்டமும் அமைந்தது. ஆக, அகராதி ஒருபுறமும் செடித்தாள் மற்றொருபுறமும் உள. இரண்டையும் இணைக்கவேண்டிய ஊர்வழக்குப் பெயரே இன்னும் முழுமையாகத் தொகுக்கப்பெறவில்லை.

தொகுக்கப்பெறாமையால் நேரும் இடர் ஏட்டளவில் நிற்பதன்று. சிக்குன்குனியா பரவிய 2006இலும் டெங்கு பரவிய 2012இலும் நிலவேம்புக் குடிநீர் தமிழகம் முழுவதும் குடிக்கப்பெற்றது. 2020இல் கபசுரக் குடிநீர் வீடுதோறும் புகுந்தது. நிலவேம்புக் குடிநீர் ஒன்பது சரக்குகளின் கூட்டு. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல், சுக்கு, மிளகு என்பன அவை. இவற்றுள் சுக்கையும் மிளகையும் எவரும் அறிவர். பற்படாகம் என்று கடையில் தருவது எச்செடி என்று பொட்டலம் வாங்கும் நூற்றுவருள் ஒருவரேனும் அறிவரோ? பறிக்கும் கை வேறு, பெயர் எழுதும் கை வேறு, குடிக்கும் வாய் வேறு என்று ஆகிவிட்ட காலத்தில் பெயரே மருந்தாகின்றது.

கீழாநெல்லியின் கதை இதனை நன்கு விளக்கும். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தியாகராசனும் அவர் குழுவினரும் 1988இல் இலான்செட்டு இதழில், மஞ்சட்காமாலை ‘பி’ நச்சுயிரை உடலிற் சுமந்தோருள் பலர் கீழாநெல்லியால் அதனின்று நீங்கினர் என்று எழுதினர். பிறநாடுகளில் பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் அப்பயனை அவ்வாறே காணவில்லை. காரணம் ஒன்றாக இராது. ஆயினும் அதற்கு மூன்றாண்டுகட்கு முன்னரே, 1985இல், இந்தியத் தாவரநூல்களில் ஒரே பெயரால் குறிக்கப்பெற்ற கீழாநெல்லி உண்மையில் மூன்று வேறு செடிகள் என்று தாவரநூலார் காட்டியிருந்தனர். மூன்றிலும் காய் இலைக்குக் கீழேயே தொங்கும்! ஊர்ப்பெயரின் இலக்கணம் மேலாநெல்லியினின்று கீழாநெல்லியைப் பிரிக்கப் போதுமானது. தம்முள் ஒத்த மூன்றைப் பிரிக்கப் போதாது. பெயரைப் போற்றுவோர் அதன் எல்லையையும் அறிதல் வேண்டும்.

பெயர் மயக்கத்தால் உயிர்க்கே ஊறு நேர்ந்ததும் உண்டு. பெல்சியத் தலைநகர் பிரசல்சில் உடல் மெலிய மருந்துண்ட பெண்டிர் பலர்க்குச் சிறுநீரகம் பழுதுற்ற செய்தி 1993இல் வெளியாயிற்று. பின்னர் அவர்தொகை நூற்றைக் கடந்தது. சீனப் பெயர் ஏறத்தாழ ஒன்றாய் இருந்தமையால் ஒரு வேருக்கு மாற்றாக மற்றொரு வேர் சேர்ந்ததே அதன் காரணம். சேர்ந்த வேர் நம் கரிசல் நிலத்து ஆடுதின்னாப்பாளையின் இனம். இவ்வினத்தில் உள்ள அரிசுட்டோலோக்கிக் காடி சிறுநீரகத்தை அழிப்பதும் புற்றுநோய் விளைப்பதும் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பெற்றவை. ஆடாதொடையை ஆடு தொடாது. ஆடுதின்னாப்பாளையை ஆடு தின்னாது. பெயர் அமைப்பில் இரண்டும் உடன்பிறந்தவை. ஒன்று காக்கும், மற்றொன்று நாட்பட உண்டால் கெடுக்கும். மகளிர் விரலுக்குச் சங்கப்புலவர் உவமை கூறிய காந்தளும் கிழங்கில் கடுநஞ்சு கொண்டது. கலப்பைக்கிழங்கு, கண்வலிக்கிழங்கு என்னும் அதன் பெயர்களில் நஞ்சென்னும் எச்சரிக்கை இல்லை. அதன் கொல்சிசின் என்னும் சத்து மருத்துவர் அளந்து தரும்போது கீல்வாயுவுக்கு மருந்து. மூலிகையாதலின் தீங்கில்லை என்னும் இக்கால விளம்பர மொழியைக் கைம்மருந்து மரபு கூறியதே இல்லை. அம்மரபில் அளவும் நாளும் பத்தியமும் உடன்கூறாத மருந்து கிடையாது.

தமிழ்த்துறைகளில் முதுகலை பயிலும் மாணாக்கர் இவ்வட்டாரத்திலிருந்து மிகப் பலர் வருகின்றனர். நாட்டுப்பாடல் தொகுப்பதற்குக் காட்டும் ஊக்கத்தைச் செடிப்பெயர் தொகுப்பதற்கும் அவர்கள் காட்டுவாராக. ஊரில் வழங்கும் பெயர், அப்பெயரைக் கூறியவரின் ஊரும் அகவையும் தொழிலும், செடி நின்ற இடம், உண்ணும் உறுப்பு, உண்ணும் அளவு ஆகியவற்றோடு பூவும் காயும் உள்ள கிளையொன்றும் உலர்த்தித் தாளில் ஒட்டப்பெறுதல் வேண்டும். அக்கிளை தாவரநூலார் பார்வைக்குச் செல்லுதல் வேண்டும். கிளை இல்லாத பெயர்ப்பட்டியல் சிறுமல்லி பெருமல்லிக்கு நேர்ந்ததையே மீண்டும் நேர்விக்கும். திவாகரம் முதலிய நிகண்டுகளின் மரப்பெயர்த் தொகுதிகள் ஒரு செடிக்குப் பல பெயர்களை அடுக்கிக் கூறுகின்றனவேயன்றி, இலை இவ்வாறு, பூ இவ்வாறு என்று அடையாளம் கூறாமையால் அவற்றை மட்டும் கொண்டு செடியை அடைதல் அரிது.

பெயரைக் கேட்டறிவதிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. குழந்தைகளுக்கு உரைத்துக் கொடுக்கும் வசம்பை இரவில் பெயர் கூறிக் கேட்டல் ஆகாது என்பது நம் பெண்டிர் வழக்கம். பேர் சொல்லாதது என்றும் பிள்ளை வளர்ப்பான் என்றும் அதனைக் குறிப்பர். வினாத்தாளோடு செல்லும் மாணவன் பொழுது சாய்ந்தபின் கேட்பானாயின் இம்மாற்றுப்பெயர்களே அவனுக்குக் கிடைக்கும். பகலிற் கேட்டால் வசம்பு என்று கிடைக்கும். இரண்டும் குறிக்கத்தக்கன. அதில் உள்ள பீட்டா அசரோன் என்னும் பொருளின் தீங்கு கருதி அமெரிக்க நாடு 1968இல் வசம்பை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. கைக்குழந்தைக்கு அதனைப் புகட்டுதல் தகாது என்று இக்காலக் குழந்தை மருத்துவர் அறிவுறுத்துவர். தொகுப்பவரின் தாளில் அப்பெயர்களுக்கு எதிரே இக்குறிப்பும் இடம்பெறுதல் வேண்டும்.